கறுப்புப் பெட்டிக்கு விலை கேட்டு

ஜூன் 9

டேய் பூனை,

நீ போய் இன்றோடு நாற்பத்து மூன்று நாள். எப்படி இருக்கிறாய் என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்கிப் பழக்கம். உன்னிடம் அதைக் கேட்க வழியில்லை, அதனால் என் சேதியைச் சொல்கிறேன். முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. சாப்பிடுகிறேன். வேலைக்குப் போகிறேன். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் மறுபடியும் உருளை மெஷினிலேயே போட்டிருக்கிறார்கள். படுக்கை விரிப்பு இந்தப் பக்கம் ஈரமாகப் போகிறது, அந்தப் பக்கம் சுடச்சுட வருகிறது. மடித்துக்கொண்டே இருந்தால் மனசு எங்கேயும் ஓடாது.

நேற்று உன் மேசை இழுப்பறையைத் திறந்தேன். அந்தக் கறுப்புப் பெட்டியின் ரசீது இருந்தது. நான் ஆறாவதோடு நின்றவள்தான், ஆனாலும் எண் படிப்பேன். மூன்று முறை எண்ணினேன். என் பதினொரு மாதச் சம்பளம்டா அது. செங்கல் அளவு பெட்டிக்கு! நீ அச்சகத்தில் நாள் முழுக்க மெஷின் இரைச்சலில் நின்றவன். வீட்டுக்கு வந்து நல்ல சத்தம் கேட்க ஆசைப்பட்டாய், சரி. அதற்கு இவ்வளவா?

அந்தப் பெட்டியைக் கண்டாலே எனக்கு ஆகவில்லை. அன்று காலை மாடிப்படிக்கு அடியில் நின்று உன்னை மூன்று தடவை கூப்பிட்டேன். சத்தமே இல்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டிருப்பான், செவிடன் காதில் ஊதிய சங்குதான் என்று நான் வேலைக்குப் போய்விட்டேன். சாயங்காலம் உன் சட்டைகளை மடித்து எடுத்துக்கொண்டு மேலே வந்தால், நாற்காலியிலேயே இருந்தாய். ஹெட்போன் காதில்தான் இருந்தது. பெட்டியைத் தொட்டால் சூடு. உன்னைத் தொட்டால் சில்லென்று இருந்தது.

அந்தப் பெட்டி இல்லாமல் இருந்திருந்தால், பதில் வராதபோதே படியேறி வந்திருப்பேன். என்ன ஏதென்று பார்த்திருப்பேன். சின்னவளிடம் இதைச் சொல்லவில்லை. காலையில் நீ என்னோடு நன்றாகப் பேசினாய், நான் போன பிறகுதான் நெஞ்சுவலி வந்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். பொய்தான்.

பெட்டியை விற்றுவிடப் போகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

உன் அக்கா


ஜூன் 14

சின்னவளே,

அக்கா எழுதுகிறேன். நீ, உன் வீட்டுக்காரர், பாப்பா மூன்று பேரும் சுகமா? பாப்பாவுக்குச் சளி விட்டதா? போன் பண்ணினால் ரெண்டு பேரும் அழுதுவிட்டு வைத்துவிடுகிறோம், சொல்ல வந்த விஷயம் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. அதனால்தான் கடிதம்.

உன் அண்ணனின் பாட்டுப் பெட்டியை விற்கலாம் என்றிருக்கிறேன். பழைய சாமான் எடுக்கிறவர் வந்தார். கையில் தூக்கிப் பார்த்தார். "நல்ல கனமாத்தான் இருக்கு அக்கா, இரும்பு விலைக்குப் போட்டுக்கிறேன். கூட இருக்கிற காது மெஷினுக்கு விலை கிடையாது, அதைச் சும்மா எடுத்துக்கிறேன்" என்றார். சரியென்று சொல்ல வாயெடுத்தேன். கீழ்வீட்டு டெய்லரம்மா கண்ணைக் காட்டினாள், நிறுத்திவிட்டேன். நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். நீ என்ன சொல்கிறாய்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஜூன் 25

அக்கா,

உன் கடிதம் பார்த்ததும் பதறிப்போனேன். பாப்பாவுக்குச் சளி சரியாகிவிட்டது, எனக்குத்தான் உன் கடிதத்தால் காய்ச்சல் வரும்போல இருக்கிறது. நாளைக்கு வரச் சொன்னேன் என்று எழுதிவிட்டு என்னிடம் யோசனை கேட்கிறாயே, கடிதம் பறந்தா வரும்? நல்லவேளை, போனில் டெய்லரம்மாவைப் பிடித்து அந்த ஆளைத் திருப்பி அனுப்பச் சொன்னேன். அவள் சொன்னாள், "நான் அன்னைக்கே பொய் சொல்லி அனுப்பிட்டேன்மா, உங்கக்கா ஊர்ல இல்லன்னு. உங்கக்கா பின்னாடியே நின்னு தும்முறாங்க."

இவர் சொல்கிறார், அது சாதாரணப் பெட்டி இல்லையாம். விஷயம் தெரிந்தவர்கள் பழசாகவே தேடி வாங்குவார்களாம். ரசீதில் கடை முகவரி இருக்குமே, அவர்களுக்கு எழுதிக் கேள். விலை தெரியாமல் எதையும் வீட்டை விட்டு வெளியே அனுப்பாதே.

அண்ணன் எனக்குப் போன் பண்ணும்போதெல்லாம் பாதிப் பேச்சு உன்னைப் பற்றித்தான். அதைப் பற்றி ஒரு விஷயம் இருக்கிறது, நேரில் வரும்போது சொல்கிறேன்.

அக்கா, அன்று காலை அண்ணன் உன்னிடம் கடைசியாக என்ன பேசினான்? நன்றாகப் பேசினான் என்று மட்டும் சொன்னாய். ஒரு வார்த்தை விடாமல் எழுது. என்னிடம் அவன் கடைசியாகப் பேசி ஒன்பது நாள் ஆகியிருந்தது.

சின்னவள்


ஜூலை 2

கடைக்காரர் ஐயாவுக்கு,

நீங்களும் உங்கள் குடும்பமும் சௌக்கியமாக இருக்க வேண்டும். எனக்கு அறிமுகமில்லாதவருக்கு எழுதிப் பழக்கமில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தம்பி நாலு வருஷத்துக்கு முன் உங்களிடம் ஒரு கறுப்புப் பெட்டியும் ஹெட்போனும் வாங்கினான். ரசீது எண்ணைக் கவரின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். தம்பி இப்போது இல்லை. பெட்டியை விற்க வேண்டும். எனக்குத் துணி தெரியும். விரலால் தொட்டால் எத்தனை சலவை தாங்கும் என்று சொல்லிவிடுவேன். இந்தப் பெட்டியை எத்தனை தடவை தொட்டாலும் ஒன்றும் தெரியவில்லை. இதற்கு ஏன் இத்தனை விலை? இப்போது என்ன பெறும்? ஹெட்போனின் காதுப் பஞ்சு அழுக்காக இருக்கிறது, துவைத்து இஸ்திரி போட்டு வைக்கட்டுமா?

இப்படிக்கு,
தம்பியின் அக்கா


ஜூலை 15

அம்மா அவர்களுக்கு,

வணக்கம். இந்தக் கடைக்குத் தபாலில் வருவது கரண்ட் பில் மட்டும்தான். உங்கள் கடிதத்தைப் பிரித்ததும் சந்தோஷம், படித்ததும் வருத்தம். உங்கள் தம்பியை நன்றாக நினைவிருக்கிறது. நகக்கண்ணில் மை ஒட்டிய கையோடு வந்தார். மூன்று முறை, மூன்று லீவு நாளில், பஸ் பிடித்து வந்து ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டார்.

முதலில் ஒரு வேண்டுதல்: காதுப் பஞ்சைத் தயவுசெய்து துவைக்காதீர்கள். இஸ்திரிப் பெட்டியை அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

விலை ஏன் என்று கேட்டீர்கள். கம்ப்யூட்டரில் பாட்டு வெறும் எண்களாகக் கிடக்கிறது. அந்தப் பெட்டியின் ஒரு பாதி எண்களைச் சத்தமாக மாற்றும். மறுபாதி அந்தச் சத்தத்துக்குப் பலம் கொடுத்து ஹெட்போனுக்கு அனுப்பும். போனிலும் இதெல்லாம் நடக்கிறது, ஆனால் போகிற வழியில் கொஞ்சம் சேரும், கொஞ்சம் குறையும். விலை கூடிய பெட்டி எதையும் சேர்க்காது, குறைக்காது. இதைச் சொன்னபோது உங்கள் தம்பி சிரித்தார். "எங்க தொழிலும் இதானுங்க. மூலத்துல இல்லாத புள்ளி தாள்ல விழக்கூடாது" என்றார்.

இப்போதைய விலை அதன் நிலையைப் பொறுத்தது. நீங்களே பார்த்து எழுதினால் போதும். மேலே கீறல் இருக்கிறதா, அட்டைப்பெட்டியும் ரிமோட்டும் இருக்கிறதா, சத்தம் கூட்டுகிற திருகு வழவழவென்று சுற்றுகிறதா, ஹெட்போன் சொருகுகிற துளை ஆடுகிறதா. சூடாகும், அது அந்த ரகத்தின் குணம், பயப்படாதீர்கள். கடைசியாக முக்கியமானது ஒன்று. பாட்டு எதுவும் போடாமல் பெட்டியை மட்டும் ஆன் செய்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, திருகை மெல்லக் கூட்டுங்கள். 'ஸ்ஸ்' என்றோ 'ம்ம்' என்றோ ஏதாவது கேட்டால் எழுதுங்கள்.

தங்கள்,
கடைக்காரர்


ஜூலை 28

கடைக்காரர் ஐயாவுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் விளக்கம் எனக்கு நன்றாகப் புரிந்தது. இஸ்திரியும் அப்படித்தான். தேய்த்த துணியில் சுருக்கம் போயிருக்க வேண்டும், இஸ்திரிப் பெட்டி வந்துபோன பளபளப்பு தெரியக் கூடாது. அப்படித் தேய்க்கிறவளுக்குத்தான் கூலி அதிகம்.

நீங்கள் சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். கீறல் இல்லை. அட்டைப்பெட்டி பரணில் இருக்கிறது. ரிமோட்டுக்கு அவன் உறை போட்டே வைத்திருக்கிறான். திருகு வெண்ணெய் மாதிரி சுற்றுகிறது. துளை ஆடவில்லை.

பிறகு ஹெட்போனை மாட்டினேன். வாழ்க்கையில் முதல் தடவை. 'ஸ்ஸ்' இல்லை, 'ம்ம்' இல்லை. ஆனால் ஒரு பெரிய கோளாறு இருக்கிறது, மறைத்து விற்க எனக்கு மனசு வரவில்லை. வெளியில் நடப்பதெல்லாம் காதில் விழுகிறது. கீழே டெய்லரம்மா மெஷின் மிதிக்கிறது, தெருவில் சைக்கிள் மணி, குழாயில் தண்ணீர் சொட்டுகிறது, எல்லாம் ஹெட்போன் இல்லாத மாதிரியே கேட்கிறது. காதை நன்றாக அழுத்திப் பிடித்தும் பார்த்தேன். எங்கேயோ ஓட்டை விழுந்துவிட்டது போலிருக்கிறது. மூன்று மாதமாகச் சும்மா கிடந்ததில் கெட்டிருக்குமோ? தம்பி இருந்தபோது இப்படி இல்லை. அதை மாட்டிக்கொண்டால் இடி விழுந்தாலும் அவனுக்குக் கேட்காது.

கோளாறோடு என்ன விலை என்று எழுதுங்கள்.

தம்பியின் அக்கா


ஆகஸ்ட் 6

அம்மா அவர்களுக்கு,

வணக்கம், நலம்தானே? நீங்கள் எழுதியது கோளாறு இல்லை. அதற்காக நான் விலையைக் குறைத்தால் என்னைவிட ஏமாற்றுக்காரன் கிடையாது.

ஹெட்போனில் ரெண்டு ரகம். ஒன்று மூடின ரகம், வெளிச் சத்தத்தைத் தடுக்கும். உங்களிடம் இருப்பது திறந்த ரகம். அதன் வெளிப்பக்கத்தைப் பாருங்கள், சல்லடை மாதிரிக் கம்பிவலை இருக்கும். பாட்டு திறந்த வெளியில் நடப்பது போலக் கேட்க வேண்டும் என்று அப்படியே செய்கிறார்கள். பாட்டு ஓடும்போதும் பக்கத்தில் யாராவது பேசினால் கேட்கும். வாங்கிய நாளிலிருந்து அது அப்படித்தான் இருந்திருக்கும்.

நானே உங்கள் தம்பியிடம் சொன்னேன், "சார், மூடின ரகம் எடுத்துக்கங்க, வீட்டுச் சத்தம் தொந்தரவு பண்ணாது" என்று. அவர் வேண்டாம் என்றார். "வீட்ல அக்கா இருக்காங்க. கூப்பிட்டா கேக்கணும்" என்றார். அதனால் நினைவிருக்கிறது.

எல்லாம் சேர்த்துப் புது விலையில் பாதிக்குக் கொஞ்சம் கூடவே கிடைக்கும். ஒருவர் இப்போதே தயாராக இருக்கிறார். சம்மதம் என்றால் ஒரு வரி எழுதுங்கள்.

கடைக்காரர்


ஆகஸ்ட் 13

சின்னவளே,

பாப்பா பள்ளிக்கூடம் ஒழுங்காகப் போகிறாளா? உன் வீட்டுக்காரருக்கு என் விசாரிப்பைச் சொல்.

நீ ஜூன் மாதம் கேட்ட கேள்விக்கு நான் பதில் எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லாததால்தான். அன்று காலை அவன் என்னிடம் எதுவும் பேசவில்லை. உன்னிடம் சொன்னது பொய். ஏழேகால் மணிக்குப் படிக்கு அடியில் நின்று மூன்று தடவை கூப்பிட்டேன். பதில் இல்லை. ஹெட்போனில் இருப்பான், அவனுக்குக் கேட்காது என்று போய்விட்டேன். இத்தனை நாள் அந்தப் பெட்டிமேல் பழியைப் போட்டுக்கொண்டு தூங்கினேன். இப்போது கடைக்காரர் எழுதியிருக்கிறார், அதை மாட்டினாலும் வெளியே பேசுவது கேட்குமாம்.

நான் நம்பவில்லை. நேற்று வேலை முடிந்து வந்ததும் டெய்லரம்மாவைப் படிக்கு அடியில் நிறுத்தினேன். நான் மேலே போய் அவன் நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினேன். அவன் திருகை வைத்திருந்த இடத்தை முன்பே பார்த்து வைத்திருந்தேன், அங்கேயே திருப்பி வைத்தேன். லேப்டாப்பில் அவனுடைய பாட்டைப் போட்டேன். அவள் கூப்பிட்டாள். பாட்டுக்கு நடுவில் தெளிவாகக் கேட்டது. "அக்கா, கேக்குதா? அடுப்புல பால் வெச்சிருக்கேன், சீக்கிரம் சொல்லுங்க" என்று சொன்னதுகூடக் கேட்டது.

டாக்டர் நேரம் சரியாகச் சொல்ல முடியாது என்றார். ராத்திரியே போயிருக்கலாம், காலையிலும் இருக்கலாம் என்றார். நான் அதைக்கூட உனக்குச் சொல்லவில்லை.

நீ என்னைத் திட்டி எழுது.

அக்கா


செப்டம்பர் 16

சின்னவளே,

சுகமா? என் கடிதம் வந்து சேர்ந்ததா? ஒரு மாதம் ஆகிவிட்டது. டெய்லரம்மாவிடம் உன் போன் வந்ததா என்று தினமும் கேட்கிறேன், அவள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். கோபம் என்றால் கோபம் என்றே எழுது. வெறும் கவர் அனுப்பினாலும் போதும்.

அக்கா


அக்டோபர் 3

அக்கா,

கோபம்தான். மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. நீ பொய் சொன்னாய் என்பதற்காக மட்டும் இல்லை. அந்தப் பொய்யை நான் நாலு மாதமாகத் தலைமாட்டில் வைத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் கடைசியாக அக்காவோடு சிரித்துப் பேசிவிட்டுத்தான் போனான் என்று பாப்பாவுக்குக்கூடச் சொன்னேன். அது போன பிறகு எனக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. அதனால்தான் எழுதவில்லை. மூன்று முறை எழுதிக் கிழித்தேன்.

இவர்தான் சொன்னார், "உங்கக்கா உன்கிட்ட ஒண்ணு மறைச்சாங்க. நீயும் ஒண்ணு மறைக்கிறியே" என்று. சரிதான். நேரில் சொல்கிறேன் என்றேனே, அதை இங்கேயே சொல்கிறேன்.

நீ சாயங்காலம் மாடியேறி, துணி வைக்கிற சாக்கில், அவன் முதுகுக்குப் பின்னால் வாசற்படியில் உட்கார்ந்து பேசுவாயாமே. அவனுக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு. சலவைக்கூடத்து மேஸ்திரி எல்லார் முன்னாலும் உன்னை 'கிழவி' என்று கூப்பிடுவது. மாமா உன்னை விட்டுப் போனதற்கு நீதான் காரணமோ என்று நீ நினைப்பது. முழங்கால். கண்ணாடி பார்க்கப் பிடிக்காமல் போனது. அக்கா, அண்ணனுக்கு எல்லாம் கேட்டது. நாலு வருஷமும் கேட்டது. மறுநாள் எனக்குப் போன் பண்ணிச் சொல்வான். மேஸ்திரி திடீரென்று ஒரு நாள் 'அக்கா' என்று கூப்பிட ஆரம்பித்தானே, நீ முறைத்த முறைப்பில் பயந்துவிட்டான் என்று எனக்கு எழுதினாயே! அண்ணன் அச்சகத்துக்கு லீவு போட்டுவிட்டு அவனைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

நான் அண்ணனைத் திட்டினேன். "ஏண்டா, கேக்குதுன்னா திரும்பி உக்காந்து பதில் சொல்லக்கூடாதா? கல்லு மாதிரியா உக்காந்திருப்பே?" என்றேன். அவன் சொன்னான், "திரும்பினா நிறுத்திருவா. அவளுக்கு வேற யாருகிட்ட சொல்ல முடியும்?"

உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தான். எனக்கும் கொஞ்சம் பொறாமை, அவனிடம் சொன்னதை என்னிடம் சொல்லவில்லையே என்று.

நீ படியேறியிருந்தால் அவன் பிழைத்திருப்பானா என்று எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. நாலு வருஷமாகப் பதில் சொல்லாமல் இருந்து உன்னைப் பழக்கியவன் அவன். அன்று பதில் வராததை நீ எப்படி வித்தியாசமாக எடுத்துக்கொள்வாய்? இதை நான் உன்னைச் சமாதானப்படுத்த எழுதவில்லை. ஒன்றரை மாதம் யோசித்து எழுதுகிறேன்.

பெட்டியை விற்பதும் வைப்பதும் உன் இஷ்டம். அடுத்த மாதம் பாப்பாவோடு வருகிறேன். இனி என்னிடம் பேசு. நான் திரும்பி உட்கார்ந்து எதிர்ப்பேச்சுப் பேசுவேன், அதற்குத் தயாராக இரு.

சின்னவள்


அக்டோபர் 12

கடைக்காரர் ஐயாவுக்கு,

நலமா? பதில் எழுத ரெண்டு மாதம் ஆனதற்கு மன்னிக்க வேண்டும். உங்களிடம் காத்திருந்தவரிடமும் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். பெட்டி விற்பனைக்கு இல்லை. பாதிக்குக் கூடவே கிடைக்கும் என்றீர்கள், அது நியாயமான விலை, ஏமாற்றாமல் சொன்னீர்கள். காதுப் பஞ்சை நான் துவைக்கவில்லை, அவன் தலை எண்ணெய் வாசம் இருக்கிறது.

நீங்கள் ரசீதில் எழுதாத ஒரு வார்த்தையை எனக்கு எழுதி அனுப்பினீர்கள். அதற்கு நன்றி.

தம்பியின் அக்கா


அக்டோபர் 12

பூனை,

இன்றைக்கு ரெண்டு கடிதம் எழுதிக் கை வலிக்கிறது, ஆனாலும் உனக்கு எழுதாமல் படுக்க முடியாது. நான் நன்றாக இருக்கிறேன். சின்னவள் அடுத்த மாதம் வருகிறாள்.

கள்ளப்பூனை! நாலு வருஷம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாயே. ஒரு தடவையாவது தோள் குலுங்கியதா, தலை ஆடியதா? நான் மாமாவைப் பற்றிச் சொன்னதெல்லாம் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. பிறகு யோசித்தால் வெட்கமாக இல்லை. இருபது வருஷத்தில் அதை வாய்விட்டுச் சொன்னது அந்த வாசற்படியில் மட்டும்தான். நேற்று மேஸ்திரியிடம் கேட்டேன், "என் தம்பி உங்ககிட்ட என்ன சொன்னான்?" என்று. அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "ஒண்ணும் சொல்லலக்கா. வந்தாரு, ஒரு டீ வாங்கிக் குடுத்தாரு, உங்க பேரைச் சொல்லிக் குடுத்தாரு, போயிட்டாரு" என்றான். சண்டை போட்டிருப்பாய் என்று நினைத்தேன். நீ எங்கே போடுவாய்.

வேலை முடிந்து வந்து உன் நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்காருகிறேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாட்டுப் போடாமல் இருக்கிறேன். டெய்லரம்மா மெஷின் நிற்கிறது, மறுபடி ஓடுகிறது. படியில் யாராவது ஏறினால் எந்தப் படி என்றுகூடத் தெரிகிறது. நான் ஏறி வருவதும் உனக்கு இப்படித்தான் கேட்டிருக்கும், வலது கால் ஊன்றி, இடது கால் இழுத்து.

ஒன்றைச் சின்னவளுக்கும் எழுதவில்லை. எழுத முடியவில்லை. அன்று காலை மூன்று தடவை கூப்பிட்டுவிட்டு நான் சும்மா போகவில்லை. நேரமாகிவிட்டது, முழங்கால் வலி, உன்மேல் எரிச்சல். படியைப் பார்த்துக் கத்தினேன். "கேளு, கேளு, நல்லா கேளு. நான் செத்தாக்கூடப் பாட்டு முடிஞ்சப்புறம்தான் நீ எறங்கி வருவே" என்று சொல்லிவிட்டுக் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனேன்.

நீ ராத்திரியே போயிருந்தால் அதைக் கேட்டிருக்க மாட்டாய். காலையில் இருந்திருந்தால் கேட்டிருப்பாய். இத்தனை வருஷமும் உனக்கு எல்லாம் கேட்டதே என்று ஒரு பக்கம் நெஞ்சு நிறைகிறது. அந்த ஒரு காலை மட்டும் கேட்காமல் இருந்திருக்கக் கூடாதா என்று மறுபக்கம் அடித்துக்கொள்கிறது.

சொல்லு பூனை, அதுவும் உன் காதில் விழுந்ததா?